நீலக் கைக்குட்டை



கடந்த இரண்டு வாரங்களாக இந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. கேட்டவர்களிடம், பிரதிஷ்டைப் பண்டிகை வேலைகள் அதிகம் என்று சொன்னேன். அது பாதி உண்மை. நடந்த ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்ற தயக்கம் மீதிப் பாதி. நேற்று மாலை, இதில் சம்பந்தப்பட்ட சகோதரியிடம் அனுமதி கேட்டேன். "என் பேரப் போடாம எழுதுங்க ஐயா" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

என் மகள் தாவரவியல் படிக்கிறாள். மே மாத விடுமுறைக்கு வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே இரண்டு பழுப்பு நிறக் குப்பிகளைப் பொதிந்து கொண்டுவந்தாள். ஒன்றில் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், மற்றொன்றில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டாவது பெயரின் கடைசிப் பகுதி காதில் விழுந்ததும், அதை அடுக்களைப் பக்கம் கொண்டுவரவே கூடாது என்று என் மனைவி தடை போட்டுவிட்டார். இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் இது அந்தக் கொடிய சயனைடைப் போன்றதன்று. ஆயினும் சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, கடும் அமிலத்தையும் நெருப்பையும் அண்டவிடக் கூடாது என்று மகள் விளக்கினாள். தடை நீங்கவில்லை. குருமனையின் பின்கட்டில், பழைய வேதாகமங்களை அடுக்கி வைத்திருக்கும் இருட்டறையே எங்கள் வேலைக்கூடமாயிற்று.

முறை எளியது. முதல் உப்பில் 25 கிராமை 100 மில்லி தண்ணீரிலும், இரண்டாவதில் 10 கிராமை 100 மில்லி தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் சம அளவில் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளின்மேல் தூரிகையால் பூச வேண்டும். தாள் மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். இருட்டிலேயே உலர்ந்தபின் அதன்மேல் ஓர் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைக்க வேண்டும். தேரி மணல் சூழ்ந்த எங்கள் ஊரின் மே மாத உச்சிவெயிலுக்குப் பத்து நிமிடம் தாராளம். பச்சை நீலமாகி, நீலம் சாம்பல் நிறமாக மங்கும்போது தாளை எடுத்துத் தண்ணீரில் அலசினால், வெயில் படாத இடத்திலிருந்த மஞ்சள் கரைந்து ஓடிவிடும். இலை இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் நீலமாகவும் நிற்கும். அந்த நீலம் மறுநாள் இன்னும் ஆழமாகும்.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் இரும்பின் ஒரு வடிவத்தை மற்றொரு வடிவமாக மாற்ற, அது இரண்டாவது உப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத நீலமாகப் படிகிறது. ஓவியர்கள் பிரஷ்ய நீலம் என்று அழைப்பது இதையே. வீடு கட்டுவோர் 'புளூபிரிண்ட் போட்டாயிற்றா' என்று கேட்கிறார்களே, அந்தப் புளூவும் இதுதான். எங்கள் ஆலயத்தின் இரும்புப் பெட்டகத்தில் மணிக்கூண்டின் பழைய வரைபடம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நீலத் தாளில் வெள்ளைக் கோடுகள். அதைப் பலமுறை விரித்துப் பார்த்திருக்கிறேன். அது வெயிலில் எழுதப்பட்டது என்பதை ஐம்பது வயது கடந்தபின் என் மகளிடமிருந்து அறிந்துகொண்டேன்.

சயனோடைப் எனப்படும் இம்முறையை 1842ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய வானியலாளர். அதைக் கொண்டு புத்தகமே செய்தவர் ஆனா அட்கின்ஸ் என்னும் பெண்மணி. மகள் அவரைப் பற்றிச் சொன்ன செய்திகள் என் மனத்தில் தங்கிவிட்டதால், உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஆனா 1799இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். பிறந்து சிறிது காலத்திலேயே தாயை இழந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அறிவியலாளரான தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன், மகளைத் தம்முடைய படிப்புக்கும் ஆய்வுக்கும் துணையாகவே வளர்த்தார். தந்தை மொழிபெயர்த்த சிப்பிகள் பற்றிய நூலுக்கு 250க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவர் இந்த மகள்.

ஹெர்ஷல் இம்முறையை வெளியிட்ட மறுவருடமே, 1843இல், பிரிட்டனின் கடற்பாசிகளை நீலத்தில் பதித்த தம் நூலின் முதற்பகுதியை அவர் வெளியிட்டார். ஒளிப்படங்களால் ஆன முதல் நூல் என்று இன்று அதைக் கருதுகிறார்கள். பத்து ஆண்டுகள் பகுதி பகுதியாக அது வந்தது. ஏறத்தாழ 400 படங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளையும் தனியே பூசி, தனியே வெயிலில் வைத்து, தனியே அலச வேண்டும். அச்செழுத்துக்கூட இல்லை. தம் கையெழுத்தையே நீலத்தில் பதித்தார். அந்நூலைத் தந்தைக்கே உரித்தாக்கினார். தம் பெயரை முழுவதுமாக எழுதாமல் 'ஏ. ஏ.' என்று மட்டும் குறித்ததால், பின்னாளில் ஓர் ஆய்வாளர் அதை 'பெயர் சொல்லாத அமெச்சூர்' என்பதன் சுருக்கமென்று எண்ணிவிட்டாராம்.

1852ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தை இறந்தார். அவ்வாண்டுக் கோடைக்காலத்தில், சிறு வயது முதல் உடன்பிறந்தாளைப் போலப் பழகிய தோழி ஆன் டிக்சன், துக்கத்தில் இருந்த ஆனாவோடு வந்து தங்கினார். இருவரும் சேர்ந்து பெரணிகளையும் பூக்கும் செடிகளையும் பதித்த தொகுப்புகள் 1853இலும் 1854இலும் உருவாயின. துக்க வீட்டுக்கு வந்தவர் தோழியின் பக்கத்தில் நின்று தாளுக்கு மருந்து பூசினார், இலையைப் பரப்பினார், தண்ணீர் ஊற்றினார்.

இதைச் சொல்லிவிட்டு என் மகள், "பாட்டியோட பொருள்களை வைத்துப் பண்ணலாமா அப்பா?" என்று கேட்டாள்.

என் தாயார் கடந்த அக்டோபரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்பதைச் சபையார் அறிவீர்கள். வயது 81. நான் முப்பது ஆண்டுகளாக அடக்க ஆராதனை நடத்தி வருபவன். துக்கத்தில் இருப்போரை ஆற்றும் விதம் பற்றி இறையியல் கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் படித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். அம்மாவின் அடக்கத்துக்குப் பின் வந்த ஞாயிறு வழக்கம்போல் பிரசங்கித்தேன். சிலர் கைகளைப் பற்றி, "ஐயாவுக்கு எவ்வளவு திடன்" என்றார்கள். திடன் ஒன்றுமில்லை பிரியமானவர்களே. அம்மாவின் அறையை நான் திறக்கவே இல்லை. ஏழு மாதங்கள் கழித்து, பேத்தி கேட்டாள் என்பதற்காகத் திறந்தேன்.

அவர்களுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டோம். பின்பு அவர்கள் கையால் பின்னிய லேஸ் துண்டு ஒன்று. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவருடைய மகளாகிய எலைசா கால்டுவெல் அம்மையார் இடையன்குடிக்குக் கொண்டுவந்த அந்த லேஸ் வேலை, எங்கள் குடும்பப் பெண்களிடம் தாயிடமிருந்து மகளுக்கு என்று வந்தது. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு அம்மா பின்னும்போது, கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்டபடியே நான் பள்ளிப்பாடம் படித்திருக்கிறேன். மூன்றாவதாக, வேலியோரம் அவர்கள் வளர்த்த முடக்கத்தான் கொடி. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அது காய்ந்துகொண்டிருந்தது. பச்சையாக மிஞ்சியிருந்த ஒரே நுனியை மகள் கிள்ளிவந்தாள்.

தாளில் வேண்டாம், அம்மாவின் வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையில் பதிப்போம் என்று சொன்னவன் நான். துணியில் மருந்தைப் பூசி, உலர்த்தி, மூன்று பொருள்களையும் அதன்மேல் பரப்பி, நண்பகல் வெயிலில் வைத்தோம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் காரமுமாக இருக்கும். காரம் இந்த நீலத்துக்கு எதிரி. ஆகையால் அலசும் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைச் சிறிது பிழிந்துகொண்டோம். மஞ்சள் ஓடி நின்றதும் படம் தெரிந்தது. முடக்கத்தானின் பற்றுக்கம்பி சுருண்ட சுருள்கூட அப்படியே இருந்தது. லேஸின் நூல் ஓடிய இடம் வெள்ளையாகவும், துளைகளெல்லாம் நீலமாகவும் விழுந்திருந்தன. என்னை அசைத்தது மூக்குக்கண்ணாடி. சட்டம் வெள்ளையாக விழும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வில்லைகள் இருந்த இடமும் இரண்டு வெளிறிய வட்டங்களாக விழுந்திருந்தது. நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கண்ணாடி, அந்தக் கதிரில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறதாம். அம்மா உற்றுப் பார்ப்பது போலவே இருந்தது. நான் கொல்லைப்புறத்தில் நின்று அழுதேன். அக்டோபரிலிருந்து அதுவே முதல் தடவை.

விடுமுறை முடிந்து மகள் போய்விட்டாள். கைக்குட்டையை நான் மடித்து, அலமாரியின் கீழ்த்தட்டில், என் வெள்ளை அங்கிகளுக்கு அடியில் வைத்தேன். இரவில் தனியே எடுத்துப் பார்ப்பதுண்டு.

எங்கள் கோயில் குட்டியாரின் மனைவியை உங்களில் பலர் அறிவீர்கள். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி மூன்று மாதங்களும் அவரே குளிப்பாட்டினார், அவரே உணவு ஊட்டினார். அந்நாள்களில் அம்மாவுக்கு நினைவு தடுமாறிவிட்டது. இந்தச் சகோதரியைத் தம் தங்கை என்று எண்ணிக்கொண்டு அவருடைய பெயரால் அழைப்பார்கள். அவர் கையால் கொடுத்தால் மட்டுமே கஞ்சி இறங்கும். நான் போய் நின்றால், "ஐயர் வந்திருக்காரு, நாற்காலி போடு" என்பார்கள். பெற்ற மகனை அவர்கள் அறியவில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, விருந்தினருக்கான விரிப்புகளைத் துவைக்க அந்தச் சகோதரி வந்திருந்தார். அலமாரியிலிருந்த அங்கிகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார். அவற்றோடு கைக்குட்டையும் போயிற்று. நான் மாலையில் திரும்பியபோது, கொடியில் அங்கிகளுக்குப் பக்கத்தில் அது காய்ந்துகொண்டிருந்தது. நீலம் இல்லை. இளம் துரு நிறத்தில் சில திட்டுகள் மட்டும் தெரிந்தன.

"பாட்டியம்மா துணில மசி கொட்டிக் கெடந்துச்சு ஐயா. நல்ல துணியாச்சேன்னு சோடா போட்டு ஊற வச்சு, கல்லுல ரெண்டு தேய் தேய்ச்சேன். முக்காவாசி போயிட்டு" என்று அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். கொல்லைப்புறத்தில் பந்தற்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என் மனைவி இரவு முழுவதும் என்னோடு பேசவில்லை. பேசாததற்கு நன்றி, பேசியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் என்னை நியாயப்படுத்தியிருப்பேன்.

நியாயத்துக்கு என்ன குறைவு? கேளாமல் எடுத்தது தவறு அல்லவா? இப்படியே ஒரு மணி வரை வாதாடினேன். அதன்பின் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமற்போயிற்று. கைக்குட்டை செய்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டுக்கு அநேகமாகத் தினமும் வருகிற அந்தச் சகோதரிக்கு அதை நான் ஏன் ஒருதரமும் காட்டவில்லை? மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. காட்டக்கூடாது என்றே அங்கிகளுக்கு அடியில் வைத்தேன். கடைசி மூன்று மாதங்களும் அம்மா அவருடையவராக இருந்தார்கள். இந்தத் துணியிலாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. அன்று மாலை நான் சீறியது சோடாவுக்காக அன்று.

மறுநாள் திருவிருந்து ஆராதனை. ஒருவருக்கு நம்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை எத்தனையோ பேருக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்ன வாயோடு, சபைக்கு முன் நின்று பாவமன்னிப்பு கூறுவது எப்படி? விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். ஆடிக் காற்றில் தேரி மணல் காலில் அடித்தது. இருட்டு முழுவதும் விலகவில்லை. அவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், யாரோ இறந்துவிட்டார்கள் என்று எண்ணி வாளியைக் கீழே வைத்தார்.

"என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அதற்குமேல் ஆயத்தம் செய்துகொண்டு போன எதுவும் வரவில்லை.

அவர் சிறிது நேரம் நின்றார். பின்பு, "அது மசியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டனே ஐயா" என்றார். அதில் கோபம் இருந்தது, இருக்க வேண்டியதே. "எனக்கும் அவுங்க பொருள்னு ஒண்ணும் இல்ல. வெத மட்டுந்தான் குடுத்தாங்க" என்று வேலிப் பக்கம் கை காட்டினார். வேலி நிறைய முடக்கத்தான் படர்ந்திருந்தது. அம்மா நடமாடிய நாளில் கொடுத்த விதைகள். கறுப்பு விதையின்மேல் வெள்ளையாக நெஞ்சு வடிவம் இருக்குமே, அவை. அவர்களின் கொடி முற்றிலும் அற்றுப்போயிற்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது இரண்டு தெரு தள்ளிக் காய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

எட்டு மணி ஆராதனையில் அவர் வழக்கமான இடத்தில் இருந்தார். பந்திக்கும் வந்தார்.

அன்று பிற்பகல் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு தாவரவியல் மாணவியாகிவிட்டாள். சோடாவில் நீலம் சிதைந்தாலும் இரும்பு முழுவதும் துணியை விட்டுப் போயிருக்காது. அந்தத் துரு நிறம் இரும்பே. துவர்ப்புள்ள சாற்றில், தேயிலைச் சாற்றிலாவது, ஊறவைத்தால் இரும்பு இருக்குமிடம் கறுக்கும் என்றாள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சகோதரி, "அதுக்கு எதுக்குத் தேயில? கடுக்காய் இருக்குல்லா" என்று சொல்லி, வீட்டுக்குப் போய் எடுத்துவந்தார். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது நம் ஊர்ச் சாயக்காரர்களுக்கு என்றோ தெரிந்த விஷயம். கொட்டையை நீக்கித் தோலை இடித்து, கொதிக்கவைத்து, ஆறியபின் வடிகட்டி, அந்தச் சாற்றில் கைக்குட்டையை முக்கினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரத்தில், நீர் கலந்த மையைப் போல ஒரு நிறம் மெல்ல ஏறிற்று.

எல்லாம் வரவில்லை. கல்லில் தேய்த்த பாதி தேய்த்ததுதான். முடக்கத்தானின் சுருள் போயிற்று. லேஸில் ஒரு முனை மட்டும் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியில் ஒரு வட்டம் இருக்கிறது, மற்றொன்று இல்லை. துணி முழுவதும் மங்கலான பழுப்பு ஏறியிருக்கிறது. நீலத்தில் இருந்த அழகு இதில் இல்லை என்பதே என் எண்ணம். அந்தச் சகோதரியோ அந்த ஒற்றை வட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எடது பக்கத்து ஆணி லூசா இருக்கும். நான்தான் நூல் சுத்திக் கட்டிக் குடுத்தேன்" என்றார். நான் அதைக் கவனித்ததில்லை. உள்ளே போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். இடது மூட்டில் வெள்ளை நூல் நான்கு சுற்றுச் சுற்றியிருந்தது.

குப்பிகளில் இன்னும் மருந்து மீதமிருக்கிறது. சென்ற வியாழக்கிழமை அவர் தம் வேலியிலிருந்து ஒரு முடக்கத்தான் கொடியைப் பற்றுக்கம்பி அறாமல், ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தாள் போதும், துணி வேண்டாம் என்றார். நான் இருட்டறையில் மருந்தைப் பூசிக் கொடுத்தேன். அவர் கொடியைப் பரப்பினார். ஆடிக் காற்றில் கண்ணாடி அசையாதிருக்க நான்கு மூலைகளிலும் கல் வைத்தோம். வானம் பாதி மூட்டமாக இருந்ததால் பத்து நிமிடம் போதவில்லை. அரை மணி நேரம் இருவரும் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தம் தங்கையென்று எண்ணி அவரிடம் பேசிய கதைகளை அப்போது அவர் சொல்ல, நான் கேட்டேன்.